ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் துப்பாக்கி திருடு போகாமல் இருக்க

கேள்வி கேட்டவர் டெக்சாஸில் இருக்கிறார். கிரீன் கார்டு வந்த பிறகு ஒரு 9 எம்.எம். பிஸ்டலும் ஒரு போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளும் வாங்கியிருக்கிறார். சனி, ஞாயிறுகளில் ரேஞ்சுக்கு, அதாவது துப்பாக்கி சுடும் பயிற்சிக் களத்துக்குப் போகிறார். வீட்டில் சேஃப் இருக்கிறது, அதைப் பற்றிக் கவலையில்லை. ரேஞ்சில் இருக்கும் நேரத்திலும் போகும் வரும் வழியிலும் யாரும் தூக்கிக்கொண்டு போய்விடாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதுதான் அவர் கேள்வி.

துப்பாக்கி வாங்கும் நம்மவர்கள் இதை அதிகம் கேட்பதில்லை. எந்த மாடல், என்ன தோட்டா, எந்த ஸ்கோப் என்று மாதக்கணக்கில் படிப்பார்கள். வீட்டுக்கு வெளியே அதை எப்படிக் காப்பது என்பது யோசனையிலேயே வராது. நான் பல வருடங்களாக இங்கே சுடுகிறேன், ரேஞ்சில் தன்னார்வப் பாதுகாப்பு அலுவலராகவும் நின்றிருக்கிறேன். அந்த அனுபவத்தில் இருந்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். நீங்கள் சுட்டுக்கொண்டிருக்கும்போது துப்பாக்கி திருடு போவது மிக அரிது. அது உங்கள் கையில் இருக்கிறது, சுற்றிலும் ஆட்கள், பின்னால் ரேஞ்ச் ஆஃபீசர். ஆபத்து இருப்பது இடைவெளிகளில்: டார்கெட் மாற்ற நடந்து போகும்போது, கை கழுவப் போகும்போது, கவுன்டரில் தோட்டா வாங்க வரிசையில் நிற்கும்போது, எல்லாவற்றையும் காரில் ஏற்றிவிட்டு வழியில் சாப்பிட நிற்கும்போது. ரேஞ்சில் நம் கவனம் முழுக்க முன்பக்கம் இருக்கும். குழல் எந்தத் திசையில் இருக்கிறது, விரல் எங்கே இருக்கிறது என்பதிலேயே மனம் நிற்கும். அது அப்படித்தான் இருக்கவும் வேண்டும். ஆகவே திருட்டுக்கு எதிரான வேலையில் பெரும்பகுதியை வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே முடித்துவிட வேண்டும். அங்கே போய் யோசிக்கலாம் என்றால் யோசிக்க நேரம் இருக்காது.

மேற்சொன்ன நான்கில் மிக மோசமானது கடைசி, அதாவது கார். துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பான ஏ.டி.எஃப்.-இன் கணக்குப்படி 2017 முதல் 2021 வரையான ஐந்து ஆண்டுகளில் தனிநபர்களிடமிருந்து திருடப்பட்டதாகப் பதிவான துப்பாக்கிகள் மட்டும் 10 லட்சத்துக்கு மேல். எவ்ரிடவுன் என்ற அமைப்பு எஃப்.பி.ஐ. தரவை வைத்துப் பார்த்ததில், 2022-ல் நகரங்களில் பதிவான துப்பாக்கித் திருட்டுகளில் பாதிக்குச் சற்று மேல் வாகனங்களில் இருந்து நடந்தவை. அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன் அது கால்வாசியை ஒட்டி இருந்தது. அந்த அமைப்பு துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்காக வாதாடுவது என்பதால் சிலர் அதன் பேச்சையே கேட்க மாட்டார்கள். இந்த விஷயத்தில் அதன் அரசியல் எனக்கு முக்கியமில்லை. ரேஞ்ச் வாசலில் நின்று பார்த்தவர்கள் எல்லோரும் அறிந்த உண்மையைத்தான் அந்த எண்ணும் சொல்கிறது.

பயிற்சி பெற்றவர்களுக்கும் இது நடக்கிறது. 2015 ஜூன் 27 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் நிறுத்தியிருந்த மத்திய அரசின் பொது நிலங்களைக் காக்கும் ரேஞ்சர் ஒருவரின் சொந்தக் காரை உடைத்து அவருடைய பிஸ்டலை எடுத்துப் போனார்கள். நான்கே நாளில், ஜூலை 1 அன்று, அந்த நகரத்தின் 14-ஆம் எண் கடல் துறைமேடையில் தந்தையோடு நடந்துகொண்டிருந்த 32 வயதுப் பெண் ஒருவர் அதே பிஸ்டலில் இருந்து பாய்ந்த குண்டால் இறந்தார். திருடு போனது விலை உயர்ந்த ஒரு பொருள் மட்டும் என்று நினைப்பவர்கள் இந்தச் சம்பவத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இதற்குப் பிறகு கலிஃபோர்னியாவில், ஆளில்லாத காரில் கைத்துப்பாக்கியை விட்டுப்போகும் காவலர்களும் அதைப் பூட்டி, கண்ணுக்குத் தெரியாமல் வைக்க வேண்டும் என்று சட்டம் வந்தது.

சரி, காரை எப்படிக் கையாள்வது. ரேஞ்ச் வாசல், கன் ஷோ நடக்கும் மண்டபத்தின் வாசல், வேட்டைச் சாமான் விற்கும் பெரிய கடைகளின் வாசல், இவையெல்லாம் திருடனுக்குத் தெரிந்த இடங்கள். இங்கே நிற்கும் ஒவ்வொரு காரிலும் துப்பாக்கி இருக்கலாம் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நீங்கள் டிக்கியைத் திறந்து நீளப் பெட்டியை வைப்பதை ஒருவன் தூரத்தில் உட்கார்ந்து பார்த்தாலே போதும். உங்கள் பின்னாலேயே வந்து, அடுத்து நீங்கள் உணவகத்தில் நிற்கும்போது கண்ணாடியை உடைப்பான். ஒரு நிமிடம்கூட ஆகாது. அதனால்தான் புதிதாக வருபவர்களிடம் நான் வற்புறுத்திச் சொல்வது: ரேஞ்சில் இருந்து கிளம்பினால் நேராக வீடு. பெட்ரோலைப் போகும்போதே போட்டுக்கொள்ளுங்கள். பசித்தால் டிரைவ்-த்ரூ. மளிகை வாங்குவதை இன்னொரு நாளைக்குத் தள்ளிவையுங்கள். கட்டாயம் நிற்க வேண்டும் என்றால் ஒருவர் காரிலேயே இருக்கட்டும்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், ரைஃபிளைக் காருக்குள் உண்மையாகப் பூட்டிவைப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம். பிஸ்டலுக்கு வழி இருக்கிறது: எஃகு லாக்பாக்ஸ் ஒன்று வாங்கி, அதன் கம்பிக் கயிற்றை சீட்டின் அடிச்சட்டத்தில் சுற்றிப் பூட்டலாம், அல்லது போல்ட் போட்டுத் தரையோடு இறுக்கலாம். தகடு தடிமனாக இருக்க வேண்டும். மெல்லிய பெட்டிகளின் மூடியை ஸ்க்ரூடிரைவரால் நெம்பிவிடலாம். கம்பிக் கயிறும் வெட்டுக் கத்தரிக்கு அதிக நேரம் தாங்காது. போல்ட் போட்டு இறுக்கியதுதான் நல்லது. நீளத் துப்பாக்கிக்கு அந்த வசதி பெரும்பாலான கார்களில் இல்லை. டிக்கி என்பது கண்ணை மறைக்கும் இடம், பூட்டு அல்ல. பல கார்களில் பின்சீட்டை மடக்கினால் உள்ளிருந்தே டிக்கிக்குள் கை நுழையும். கண்ணாடியை உடைத்தவன் டிரைவர் பக்கத்து டிக்கி பொத்தானையும் அழுத்திப் பார்ப்பான். உங்கள் காரில் பின்சீட்டுப் பூட்டு இருக்கிறதா, கார் பூட்டியிருக்கும்போது அந்தப் பொத்தான் வேலை செய்கிறதா என்று இன்றைக்கே சோதித்துப் பாருங்கள். எஸ்.யூ.வி. வைத்திருப்பவர்களுக்கு டிக்கியே கிடையாது. பின்பக்க மூடுதிரையை இழுத்துவிட்டு, பெட்டிமேல் ஒரு போர்வையைப் போடுங்கள்.

கிளவ் பாக்ஸைப் பூட்டிவிட்டால் போதும் என்று சிலர் நம்புகிறார்கள். திருடன் முதலில் திறப்பது அதைத்தான். சட்டமும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. மாநிலம் விட்டு மாநிலம் துப்பாக்கி கொண்டுபோவதற்கு 1986-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தரும் பாதுகாப்பைப் பெற, தோட்டா நீக்கிய துப்பாக்கியும் தோட்டாக்களும் பயணிகள் கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். தனி டிக்கி இல்லாத வண்டி என்றால் பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். கிளவ் பாக்ஸும் நடுக் கன்சோலும் அந்தப் பெட்டியாகக் கருதப்படாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. கொலராடோவில் 2025 ஜனவரி 1 முதல், ஆளில்லாத வாகனத்தில் கைத்துப்பாக்கியை விட்டால் அது பூட்டிய கெட்டிப் பெட்டியில், வெளியே தெரியாமல் இருக்க வேண்டும். போட்டிக்காகப் பக்கத்து மாநிலங்களுக்குப் போக நினைத்தால் அந்தந்த ஊர்ச் சட்டத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

கார் கண்ணாடியில் துப்பாக்கி நிறுவன ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். பெட்டி வாங்கும்போது இலவசமாகக் கொடுப்பார்கள். அதை வீட்டு சேஃபுக்குள் ஒட்டிக்கொள்ளுங்கள். ராணுவத் தோற்றம் கொண்ட உறைகளுக்குப் பதில் டென்னிஸ் பையோ கிட்டார் பெட்டியோ போலத் தெரியும் உறைகள் கிடைக்கின்றன. அவற்றுக்குக் கூடுதலாகச் செலவழிப்பதில் தவறே இல்லை. சாமான்களை டிக்கியில் ஏற்றி அடுக்கும் வேலையெல்லாம் வீட்டு கராஜுக்குள் முடியட்டும். போட்டிக்குப் போய் ஹோட்டலில் தங்கினால் எவ்வளவு களைப்பாக இருந்தாலும் துப்பாக்கிகளை அறைக்குள் எடுத்துப் போங்கள். ஊரில் போட்டி நடப்பது ரகசியமல்ல, போட்டியாளர்கள் எந்த ஹோட்டலில் தங்குவார்கள் என்பதும் ரகசியமல்ல.

இப்போது ரேஞ்சுக்குள் வருவோம். வெளிப்புற ரைஃபிள் ரேஞ்சில் ஒரு விசேஷச் சிக்கல் இருக்கிறது. டார்கெட் மாற்றும் நேரத்தில் ‘ரேஞ்ச் கோல்டு’ (cold), அதாவது சுடுவது நிறுத்தம், என்று அறிவிப்பார்கள். எல்லாத் துப்பாக்கிகளும் மேகசீன் (தோட்டா அடைக்கும் பெட்டி) கழற்றி, போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளி மூடும் பாகம்) திறந்து, தோட்டா அறையில் காலி என்று காட்டும் கொடி செருகி, மேசைமேல் கிடக்க வேண்டும். யாரும் தொடக் கூடாது. முன்னால் ஆட்கள் நடக்கும்போது துப்பாக்கியைக் கையில் எடுத்தாலே ரேஞ்சை விட்டு வெளியேற்றிவிடுவார்கள், அது நியாயமும்கூட. ஆனால் 100 கெஜம் நடந்து போய், பழைய தாளைக் கிழித்து, புதியதை ஒட்டி, குண்டுகள் எங்கே விழுந்தன என்று அளந்து பார்த்துத் திரும்பும் அந்த நேரம் முழுக்க உங்கள் ரைஃபிள் திறந்தவெளியில் தனியாகக் கிடக்கிறது. உங்கள் முதுகு அதன் பக்கம். பாதுகாப்பு விதியே உங்களை அதனிடமிருந்து பிரித்துவிடுகிறது.

இதற்குச் சிறந்த மருந்து துணைக்கு ஒருவர். இருவராகப் போங்கள், ஒருவர் டார்கெட்டுக்குப் போகும்போது மற்றவர் சுடும் கோட்டுக்குப் பின்னால், எதையும் தொடாமல், மேசையைப் பார்த்தபடி நிற்கட்டும். தனியாகப் போனால் பக்கத்து மேசைக்காரரிடமும் ரேஞ்ச் ஆஃபீசரிடமும் முதலிலேயே பேசி வையுங்கள். பெரும்பாலானவர்கள் சந்தோஷமாகப் பார்த்துக்கொள்வார்கள். ஆஃபீசர் இல்லாத, உறுப்பினர்கள் மட்டும் சாவி போட்டுத் திறந்து உள்ளே வரும் கிளப் ரேஞ்சுகளில் இந்தப் பேச்சு இன்னும் அவசியம்.

இன்னொரு வழி, எனக்குப் பிடித்தது. உங்களுடையது போல்ட் ஆக்‌ஷன் என்பதால், கோல்டு அறிவிக்கும் முன்பே போல்ட்டை முழுதாக உருவி எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலான ரைஃபிள்களில் ஒரு சிறு விசையை அழுத்தினால் வெளியே வந்துவிடும். பின்னாலிருந்து பார்த்தால் குழல் வெறுமையாக இருப்பது எல்லோருக்கும் தெரியும், அதனால் ஆஃபீசரும் மறுக்க மாட்டார்; இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், சில இடங்களில் கொடி கட்டாயம். ஏஆர்-15 போன்ற ரைஃபிள் வைத்திருப்பவர்கள் போல்ட்டைத் தாங்கும் போல்ட் கேரியரை எடுக்கலாம். திருடனால் புதிய போல்ட் வாங்க முடியாதா என்றால், முடியும். அமெரிக்கச் சட்டப்படி துப்பாக்கி என்பது சீரியல் நம்பர் பொறித்த ரிசீவர் என்ற நடு உடல்பாகம்தான். போல்ட் வெறும் உதிரிப் பாகம், கடையில் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் சட்டென்று தூக்கிக்கொண்டு ஓடுபவன் அவ்வளவு தூரம் யோசித்து வருவதில்லை. உடனே சுட முடியாத ரைஃபிள் அவன் கையில் இருப்பது, சுட முடியும் ரைஃபிள் இருப்பதைவிட எவ்வளவோ மேல்.

உள்ளரங்க ரேஞ்சில் டார்கெட் மோட்டாரில் ஓடி வந்துவிடும், நடக்க வேண்டாம். அங்கே சிக்கல் வேறு இடத்தில். சுட்டு முடித்ததும் கையில், முகத்தில் ஈயத்தூள் படிந்திருக்கும். சாப்பிடும் முன், போனைத் தொடும் முன், குளிர்ந்த நீரிலும் சோப்பிலும் கழுவ வேண்டும் என்று எல்லா இடத்திலும் எழுதிப் போட்டிருப்பார்கள். அதைக் கட்டாயம் செய்யவும் வேண்டும், குறிப்பாக வீட்டில் குழந்தைகள் இருந்தால். ஆக, எல்லோரும் கழிவறைக்குப் போகிறார்கள். போகும் நேரத்தில் பையை வரவேற்பறை சோஃபாவில் வைத்துவிட்டுப் போகிறார்கள், அல்லது முதலில் காரில் வைத்துவிட்டுத் திரும்ப உள்ளே வருகிறார்கள். இரண்டுமே கூடாது. துப்பாக்கியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, பையைத் தோளில் மாட்டியபடியே உள்ளே போங்கள். பிஸ்டலுக்கு இது சுலபம். ரைஃபிள் இருந்தால் கவுன்டரில் இருப்பவரிடம் சொல்லி அவர்கள் பக்கம் வையுங்கள்.

இங்கே நம்மவர்களுக்கு மட்டுமே வரும் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். ‘மச்சான், இதைக் கொஞ்சம் பார்த்துக்கோடா’ என்று நண்பனிடம் பையைக் கொடுத்துவிட்டுப் போவது நம் பழக்கம். அந்த நண்பன் எச்-1பி விசாவில் இருந்தால் யோசியுங்கள். குடியேற்றம் அல்லாத விசாவில் வந்தவர்கள், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மத்தியச் சட்டம் தடை செய்கிறது. நீங்கள் கை கழுவிவிட்டு வரும் ஐந்து நிமிடத்துக்காக அவருடைய எதிர்காலத்தைச் சிக்கலில் மாட்டிவிட வேண்டாம். அவர் மேசையைக் கண்ணால் பார்த்துக்கொள்ளட்டும். பையை அவர் கையில் கொடுக்காதீர்கள், அவரோடு காரில் தனியாக விட்டுவிட்டும் போகாதீர்கள்.

திருட்டு எண்ணமே இல்லாமல் பொருள் காணாமல் போவதும் உண்டு. ரேஞ்சுக்கு வரும் பெட்டிகளில் பாதிக்கு மேல் ஒரே கறுப்பு பிளாஸ்டிக், ஒரே அளவு. அவசரத்தில் மூடும் ஒருவர் உங்கள் பெட்டியை எடுத்துப் போய்விடுவார், அவருடையது உங்களிடம் இருக்கும். பளிச்சென்று ஒரு சிவப்பு நாடாவைக் கைப்பிடியில் கட்டுங்கள். பெயரையும் முகவரியையும் வெளியே எழுதாதீர்கள். மேகசீன், காது உறை, தோட்டாப் பெட்டி போன்ற சின்னச் சாமான்கள்தான் ரேஞ்சில் அதிகம் காணாமல் போகும். ஸ்கோப் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை, பல ரைஃபிள்களில் மேலே இருக்கும் ஸ்கோப் கீழே இருக்கும் துப்பாக்கியைவிட விலை அதிகம். ஸ்கோப்புக்கும் சீரியல் நம்பர் உண்டு, குறித்து வையுங்கள். சைலன்சர் வைத்திருப்பவர்கள், அது காணாமல் போனால் உடனடியாக ஏ.டி.எஃப்.-க்குத் தெரிவிக்க வேண்டும்; அதன் பதிவு ஆவணத்தின் நகல் பையிலும், மூலம் வீட்டிலும் இருக்கட்டும்.

எத்தனை துப்பாக்கி கொண்டுபோவது? அன்றைக்கு எதைச் சுடப் போகிறீர்களோ அதை மட்டும். நண்பர்களுக்குக் காட்டலாமே என்று இருப்பதையெல்லாம் தூக்கிப் போவது வேண்டாம். இரண்டைக் கண்காணிக்க முடியும், ஐந்தை முடியாது. ஒன்றைச் சுட்டுக்கொண்டிருக்கும்போது மற்றது பூட்டிய பெட்டிக்குள், உங்கள் காலடியில் இருக்கட்டும். மேசையில் பரப்பி வைப்பது பாதுகாப்புக்கும் நல்லதல்ல.

பேச்சிலும் அளவு வேண்டும். ரேஞ்சில் பழகுபவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள், கேட்காமலே உதவுவார்கள். ஆனால் அறிமுகமான முதல் நாளே வீட்டில் என்னென்ன இருக்கிறது, எந்தப் பகுதியில் வீடு, தீபாவளிக்கு ஊருக்குப் போகிறோம் என்றெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. சீரியல் நம்பரோ கார் நம்பர் பிளேட்டோ தெரியும்படி படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அரிசோனா, நெவாடா, யூட்டா பக்கம் மத்திய அரசின் பொது நிலங்களில் சுட அனுமதி உண்டு. அங்கே ஆஃபீசரும் இல்லை, கேமராவும் இல்லை, போன் சிக்னலும் பல இடங்களில் இருக்காது. அங்கெல்லாம் தனியாகப் போகவே போகாதீர்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் துப்பாக்கியைக் காலி செய்துவிட்டு டார்கெட் பக்கம் போகவும் கூடாது, ஒருவராவது வண்டியருகே நிற்கட்டும்.

துப்பாக்கிக் கடைகளிலும் காவல் நிலையங்களிலும் இலவசமாகக் கிடைக்கும் கேபிள் பூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. குழந்தை எடுத்துச் சுட்டுவிடாமல் தடுக்க அது அருமையானது. திருட்டைத் தடுக்காது, பூட்டோடு சேர்த்து எடுத்துப் போவான். ஏர்டேக் போன்ற தேடுவில்லையைப் பெட்டியின் பஞ்சுக்கு அடியில் மறைத்து வைப்பது பயன்படும். ஆனால் அது காட்டும் இடத்துக்கு நீங்களே போகக் கூடாது. உங்கள் துப்பாக்கி இப்போது அவன் கையில் இருக்கிறது. திரையில் தெரிவதைக் காவல்துறையிடம் கொடுங்கள், அதோடு உங்கள் வேலை முடிந்தது.

இவ்வளவும் செய்து, அதன் பிறகும் போய்விட்டது என்றால், எல்லாம் சீரியல் நம்பரில்தான் நிற்கிறது. எண் இல்லாமல் எஃப்.பி.ஐ.யின் தேசியத் திருட்டுத் துப்பாக்கிக் கோப்பில் பதிவு செய்ய முடியாது. அந்தக் கோப்பில் ஏறிவிட்டால், எந்த மாநிலத்துக் காவலர் அதைப் பிடித்து எண்ணைத் தட்டினாலும் திருட்டுப் பொருள் என்று காட்டும்; பல வருடம் கழித்தும் உரியவரிடம் திரும்பி வந்த துப்பாக்கிகள் உண்டு. தயாரிப்பாளர், மாடல், எண், வாங்கிய தேதி, கடை எல்லாவற்றையும் எழுதி வைக்க ஏ.டி.எஃப். ஒரு படிவத்தை இலவசமாகவே தருகிறது. அதை நிரப்புங்கள், புகைப்படம் எடுங்கள், ஒரு பிரதி துப்பாக்கியோடு இல்லாத இடத்தில் இருக்கட்டும். இதை இன்று இரவே செய்துவிடலாம், பத்து நிமிட வேலை.

திருட்டைத் தனிநபர் புகார் செய்ய வேண்டும் என்று மத்தியச் சட்டம் எதுவும் இல்லை, உங்கள் டெக்சாஸிலும் இல்லை. நியூயார்க்கில் 24 மணி நேரம், நியூஜெர்சியில் 36 மணி நேரம், கலிஃபோர்னியாவில் 5 நாள் என்று கெடு இருக்கிறது. உரிமம் பெற்ற கடைக்காரருக்கோ எல்லா மாநிலத்திலும் 48 மணி நேரம். சட்டம் கேட்காவிட்டாலும் நீங்கள் அன்றே, அந்த இடத்திலிருந்தே புகார் கொடுங்கள். காரணம் இது: ஒரு குற்றத்தில் துப்பாக்கி பிடிபட்டால், மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் இருக்கும் ஏ.டி.எஃப். மையம் அதன் எண்ணை வைத்துத் தயாரிப்பாளர், மொத்த வியாபாரி, கடை என்று வரிசையாகக் கேட்டு, கடையில் முதலில் வாங்கியவர் பெயரில் வந்து நிற்கும். அந்தப் பெயர் உங்களுடையது. அன்று உங்கள் கையில் பழைய புகார் எண் இருக்க வேண்டும்.

உடைந்த காரைத் தொடாமல், படம் எடுத்துவிட்டு, காவலர் வரும்வரை காத்திருங்கள். ரேஞ்ச் நிர்வாகத்திடம் கேமராப் பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லுங்கள், பல இடங்களில் சில நாட்களில் தானாக அழிந்துவிடும். இழப்பீட்டைப் பொறுத்தவரை, கார் இன்ஷூரன்ஸ் கண்ணாடிக்குத் தரலாம், உள்ளே இருந்த துப்பாக்கிக்குத் தராது. அது வீட்டு இன்ஷூரன்ஸில் வரும். ஆனால் துப்பாக்கித் திருட்டுக்கென்று தனி உச்சவரம்பு வைத்திருப்பார்கள், வழக்கமான பாலிசிகளில் 2,500 டாலர். நீங்கள் ஏற்க வேண்டிய பங்கும் (டிடக்டிபிள்) கழியும். ரைஃபிளும் ஸ்கோப்பும் சேர்ந்து அதைத் தாண்டினால், ஏஜென்டிடம் சொல்லித் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவரும் முதலில் சீரியல் நம்பரைத்தான் கேட்பார்.